ரத்தினபுரிக் கல்லும் 125 நியூட்ரானும்

போன மாசம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மாத்த வேண்டியிருந்தது. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடையில் பழைய பேட்டரியைத் தராசில் வைத்து, எடைக்கு ஏத்த மாதிரி காசைக் கழித்துக்கொண்டார்கள். உள்ளே இருக்கிற காரீயத்துக்குத்தான் அந்த மதிப்பு.

அதே வாரம் ஒன்பதாவது படிக்கிற என் மகளின் நோட்டில் ஒரு கணக்கு. காரீயத்தின் அணு எண் 82, நிறை எண் 207. நியூட்ரான் எத்தனை? 207-ல் 82 போக 125. டீச்சர் டிக் போட்டிருந்தார்.

விடை சரி. ஆனா கடையில் எடை போட்ட காரீயத்தில் 125 நியூட்ரான் உள்ள அணு சுமார் 22 சதவீதம்தான். பாதிக்கு மேல், 52 சதவீதம், 126 நியூட்ரான் கொண்டவை. 24 சதவீதத்தில் 124. மிச்சம் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவானதில் 122. தனிம அட்டவணையில் போட்டிருக்கும் 207.2 இவற்றின் சராசரி. எங்க தெருவில் வீட்டுக்குச் சராசரியாக 3.4 பேர் என்றால் எந்த வீட்டிலும் 3.4 பேர் இருக்க மாட்டார்கள், அது மாதிரி.

ஒரே தனிமத்தின் அணுக்களுக்கு வேறுவேறு எடை இருக்கலாம் என்று எப்படித் தெரிந்தது? நியூட்ரானை சாட்விக் கண்டுபிடித்தது 1932-ல். அதற்கு ரொம்ப முன்னாடியே விஷயம் வெளிவந்துவிட்டது. அந்தக் கதையைத் தேடிப் போனால், அது இலங்கையில் கொண்டுபோய் விட்டது.

ஆனந்த குமாரசுவாமியை நமக்கு நடராஜர் தத்துவத்தை மேற்குலகுக்குச் சொன்ன கலை அறிஞராகத் தெரியும். கொழும்பில் 1877-ல் பிறந்தவர். அப்பா சர் முத்து குமாரசுவாமி, தமிழர், அம்மா ஆங்கிலேயர். ஆனால் அவர் படித்தது நிலவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநர். 1904-ல் ரத்தினபுரிப் பக்கம், மாணிக்கக் கல் தேடுகிற சரளை மண்ணில் கிடைத்த ஒரு கருப்புக் கனிமம் அவர் கவனத்துக்கு வந்தது. யுரேனியக் கனிமம் என்றுதான் முதலில் நினைத்தார். லண்டனில் டன்ஸ்டன் சோதித்துப் பார்த்து, பெரும்பகுதி தோரியம் என்று கண்டு ‘தோரியனைட்’ எனப் பெயர் வைத்தார்.

அந்தக் கல்லிலிருந்து எடுத்த உப்பு ராம்சேயின் ஆய்வகத்தில் இருந்தது. அங்கே வந்திருந்த ஜெர்மன் இளைஞர் ஓட்டோ ஹானிடம் அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார் ராம்சே. 1905-ல் ஹானுக்குக் கிடைத்தது எதிர்பாராத ஒன்று: ‘ரேடியோதோரியம்’. புதுத் தனிமம் என்றே நினைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் மெக்காயும் ராஸும் ஒரு சிக்கலைக் கண்டார்கள். தோரியத்தோடு கலந்துவிட்டால் ரேடியோதோரியத்தை எந்த ரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. இன்றைய கணக்கில் காரணம் எளிது. இரண்டிலும் புரோட்டான் 90. ஒன்றில் நியூட்ரான் 142, இன்னொன்றில் 138.

இப்படிப் பிரிக்கவே முடியாத ஜோடிகள் சேர்ந்துகொண்டே போயின. அவை அட்டவணையில் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டியவை என்றார் கிளாஸ்கோவில் இருந்த சாடி. மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர் எடுத்துக்கொடுத்த கிரேக்கச் சொல்லை வைத்து, 1913-ல் ‘ஐசோடோப்பு’ என்று பெயரிட்டார்.

பெயர் வைத்தால் போதாதே, நிரூபிக்க வேண்டும். மறுபடியும் இலங்கைக் கல். இந்த முறை தோரைட் என்ற வேறொரு தோரியக் கனிமம்.

தோரியம்-232 சிதையும்போது மொத்தம் 6 ஆல்பா துகள் வெளியேறும். ஒவ்வொன்றிலும் 2 புரோட்டான், 2 நியூட்ரான். மிச்சம் 78, 130. கூடவே 4 பீட்டா சிதைவு. ஒவ்வொரு முறையும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். முடிவில் 82, 126. அதாவது காரீயம்-208. யுரேனியம்-238 இதே மாதிரி 8 ஆல்பா, 6 பீட்டா போனபிறகு 82, 124-ல் நிற்கும். அது காரீயம்-206. சாடிக்கு நியூட்ரான் தெரியாது. ஆனால் ஒரு ஆல்பா போனால் எடையில் 4 குறையும் என்று தெரியும். அப்படியென்றால் தோரியக் கல்லில் இருக்கும் காரீயம் சாதாரணக் காரீயத்தைவிடக் கனமாக இருந்தாக வேண்டும்.

1914-ல் ஹைமனோடு சேர்ந்து செய்த முதல் அளவீட்டில் கனமாகத்தான் இருந்தது. பிறகு அதிக அளவு காரீயம் எடுத்து அளந்தபோது அணு எடை 207.74. கல்லில் கொஞ்சம் யுரேனியமும் கலந்திருந்ததால் முழுசா 208 வரவில்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு அளவு. அந்தக் காரீயத்தின் அடர்த்தியும் சாதாரணக் காரீயத்தைவிட சுமார் 0.26 சதவீதம் அதிகம். 207.2-க்கும் 207.74-க்கும் உள்ள வித்தியாசமும் அதே 0.26 சதவீதம்தான்! ஆக, அணுவின் பருமன் மாறவில்லை, எடை மட்டும் கூடியிருக்கிறது. 1921-க்கான வேதியியல் நோபல் சாடிக்குக் கிடைத்தது.

ஐசோடோப்பைக் கண்டுபிடித்தவர் குமாரசுவாமி என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அவர் பங்கு கல்லோடு முடிகிறது. தோரைட் ஆய்விலும் அவர் இல்லை. ஆனால் அந்தக் கருப்புக் கல்லை அவர் சும்மா விட்டிருந்தால் ஹான் கையில் அந்த உப்பு இருந்திருக்காது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ பரீட்சையில என்னப்பா எழுதறது?” என்றாள். 125-னே எழுது, கேள்வியில நிறை எண் 207-னு கொடுத்திருக்காங்க இல்லையா, என்றேன். வெறும் ‘காரீயம்’ என்று மட்டும் கேட்டால், “எந்தக் காரீயம்?” என்று திருப்பிக் கேட்கலாம். அதற்கு மார்க் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.