செல்வம் குடிபெயர்ந்த வழி: ஆண்ட்வெர்ப்பும் ஆம்ஸ்டர்டாமும்

செல்வந்தர்கள் ஒரு தேசத்தை நாடுவதும் நீங்குவதும் அங்குள்ள வரி விகிதத்தையே பொறுத்தன என்னும் அபிப்பிராயம் பொருளாதார சாஸ்திரம் பயின்றோரிடத்தும் வேரூன்றி நிற்கிறது. வரியைக் குறைத்தால் வருவர், கூட்டினால் போவர் என்று முடிந்துவிடும் இவ்வாதத்தை, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்ற வணிகர்களின் சரித்திரத்தோடு ஒத்திட்டுப் பார்த்தால் அது நிலைபெறாது என்பதே என் துணிபு.

1585 ஆகஸ்டு 17ஆம் தேதி ஸ்பானியத் தளபதி பார்மா கோமகனிடம் ஆண்ட்வெர்ப் சரணடைந்தது. கத்தோலிக்க மதத்துக்குத் திரும்ப மனமில்லாத பிராடெஸ்டண்டுகள் சொத்துகளை விற்றுவிட்டு வெளியேற நான்காண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. அது முடிவதற்குள் நகரின் ஜனத்தொகை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மதமொன்றே காரணமன்று. ஷெல்ட் நதியின் முகத்துவாரத்தை டச்சுக் கப்பல்கள் அடைத்துவிட்டமையால் வாணிகமும் நின்றுபோயிற்று என்பது மெய்யே. ஆயினும் இவை புறப்பட்டதற்குத்தான் காரணமாகுமேயன்றி, போய்ச் சேர்ந்த இடத்துக்குக் காரணமாகா. கொலோன், ஹாம்பர்க் முதலிய நகரங்களில் முதலில் தங்கிய வணிகர் பலர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார்களே, அந்த இரண்டாம் பயணமே ஆராயத்தக்கது.

வரிக்கு அஞ்சி வந்தவர்கள் அல்லர் அவர்கள். ஆம்ஸ்டர்டாம் அடங்கிய, ஸ்பெயினோடு ஓயாது போரிட்ட ஹாலந்து மாகாணத்தில் மாவரைப்புக்கும், பீருக்கும், உப்புக்கும், சோப்புக்கும், அடுப்பில் எரிக்கும் கரிமண்ணுக்கும்கூட வரி உண்டு. ஐரோப்பாவில் அத்துணை வரிச்சுமை தாங்கிய தேசங்கள் மிகச் சிலவே. ஆனால் அவ்வரியை விதித்தவை வணிகர்களே உறுப்பினராய் அமர்ந்த நகரசபைகளைச் சார்ந்த மாகாண சபைகள். ஒருவனுடைய மனச்சாட்சியைத் துருவிக் கேட்பதில்லை என்று 1579ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையும் உறுதி கூறியிருந்தது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்போ 1575இல் கடன்களைக் கொடாமல் கைவிரித்தார். சம்பளம் கிடைக்காத அவருடைய சிப்பாய்கள் மறுவருஷம் நவம்பரில் ஆண்ட்வெர்ப்பையே சூறையாடினார்கள். 1596இல் மன்னர் மறுபடியும் கைவிரித்தார். கொடுத்த வரி எங்கே போகிறதென்று அறிந்தவன் கனத்த வரியையும் பொறுத்துக்கொள்வான். கொடுத்த கடன் திரும்புமா என்று அறியாதவன் வரியே இல்லாத ஊரிலும் தங்கமாட்டான்.

இனி, வந்தவர்கள் கொணர்ந்தது யாது? ஆண்ட்வெர்ப்பில் பிறந்து 1588இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய டிர்க் வான் ஓஸ் என்னும் வணிகரின் இல்லத்தில், 1602 ஆகஸ்டு மாதம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்நகரத்தார் பங்கு எழுதினர். அப்பதிவேட்டில் 1,143 பேர் எழுதிய தொகை 36 லட்சம் கில்டருக்கு மேல். அதில் மூன்றிலொரு பங்குக்கு அதிகமானது ஆண்ட்வெர்ப் முதலிய தெற்குப் பகுதிகளிலிருந்து வந்தோருடையது. ஆண்ட்வெர்ப்பில் வாணிகம் செய்துவந்த ஐசக் லெ மேர் 85,000 கில்டர் எழுதினார். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது கடைசி நாளில் வான் ஓஸின் வீட்டுப் பணிப்பெண் எழுதிய 100 கில்டர். குடியேறிய செல்வந்தரின் பெட்டியிலிருந்த பொன்னைவிட, அவரைக் கண்டு உள்ளூர்ச் சிறுசேமிப்பும் மூலதனமாக மாறத் துணிந்த அந்த நம்பிக்கையே அந்நாட்டுக்கு வாய்த்த பெருலாபம். சோழமண்டலக் கரையில் துணி கொள்முதல் செய்து, 1613இல் பழவேற்காட்டில் கோட்டையும் எழுப்பிய கம்பெனிக்கு ஆதாரமாய் நின்றது இவ்விதம் திரண்ட மூலதனமே.

செல்வந்தன் எப்போதும் கால் ஊன்றாத பறவை, நாளையே வேறு தேசத்துக்குப் பறந்துவிடுவான் என்பாருக்கும் வான் ஓஸின் பிற்கால வாழ்வில் விடை கிடைக்கிறது. அவர் தம் சகோதரரோடும் வேறு வணிகரோடும் கூடி, ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கேயிருந்த பேம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியைச் சுற்றிக் கரையெடுத்து, காற்றாலைகளால் நீரை இறைக்கப் பணத்தை முடக்கினார். 1612இல் ஏரி வற்றிற்று. ஏறத்தாழ 7,000 ஹெக்டேர் நிலம் வெளிப்பட்டது. ஆண்ட்வெர்ப்பை நீத்து வந்தவரின் பொருள், எந்த வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போக இயலாத வயலாக அங்கே கிடந்தது.