சிவப்புக் கோப்பையும் புளிப்பும்

எங்கட வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் விருந்தாளிகளுக்கென்றே ஒரு செட் பீங்கான் இருக்கும். கோப்பை பளபளவென்று இருந்தால் நல்ல சாமான் என்று எடுத்துக்கொள்வோம். அந்தப் பளபளப்பும் நிறமும் எதால் வந்தது என்று கேட்பதில்லை.

1936இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோமர் லாஃப்லின் நிறுவனம் 'ஃபியஸ்டா' என்ற பீங்கான் வகையை ஐந்து நிறங்களில் இறக்கியது. அதில் சிவப்புக்குத்தான் மவுசு, விலையும் கூட. காரணம், அந்தப் பூச்சில் யுரேனியம் ஒக்சைட்டு இருந்தது. 1943இல் அரசு யுரேனியத்தைத் தன் கைக்குள் எடுத்தது. சிவப்புக் கோப்பை நின்றது. சாப்பிடுகிற ஆளை நினைத்து எடுத்த முடிவல்ல இது. அணுகுண்டுக்கு யுரேனியம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1959இல் கட்டுப்பாடு தளர்ந்ததும் சிவப்பு திரும்பி வந்தது, இந்த முறை செறிவு குறைந்த யுரேனியத்தோடு. அணுத் திட்டத்துக்காகச் செறிவூட்டிய பிறகு மிஞ்சுகிற எச்சம் அது. குண்டுக்கு எடுத்தது போக மிச்சம் சாப்பாட்டு மேசைக்கு!

கதிர்வீச்சைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் யுரேனியம் ஈயத்தைப்போல ஒரு கன உலோகம். உடம்புக்குள் போனால் முதலில் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். உள்ளே போக வழி விடுவது புளிப்பு. பீங்கான் பூச்சை மினுங்க வைக்கிற ஈயமும் அப்படித்தான் கரையும். நிறமும் மங்காது, ருசியும் மாறாது.

ஈயத்துக்கான சோதனை கிட்டத்தட்ட ஒரு சமையலறை வேலைதான்: வினாகிரியைப் போன்ற 4 வீத அசற்றிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, 24 மணித்தியாலம் வைத்து, அதில் எவ்வளவு ஈயம் இறங்கியது என்று அளப்பது. 1971இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பத்து இலட்சத்துக்கு 7 பங்கு என்று எல்லை வைத்தது. 1984இல் ஐரோப்பிய சமூகம் கிண்ணம் போன்றவற்றுக்கு லீற்றருக்கு 4 மில்லிகிராம் என்றது. 1992இல் அமெரிக்கா குடிக்கிற மக்குக்கு 0.5 வரை இறக்கியது. ஒரு தலைமுறை பாவித்து முடித்த பிறகு வந்த எண்கள் இவை.

யுரேனியம் இன்னும் பிந்தியது. பூச்சில் 20 வீதம் வரை யுரேனியம் இருந்தாலும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்ற விலக்கு, 2013க்குப் பிறகு செய்யும் புதுப் பீங்கானுக்குத்தான் இல்லாமல் போனது. பழசுக்கு அது இன்னும் உண்டு. சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதில் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் சொல்கிறது. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பார்க்கலாம். புளிக்குழம்பு ஊத்தாமல் விட்டால் சரி.