திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளரின் ஓய்வூதிய வகைகள்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளரின் ஓய்வூதியம் என்பது, பனியன் நிறுவனங்களில் பணிபுரிந்தோர் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995 இன்படி பெறும் மாதாந்தரத் தொகையைக் குறிக்கும். 1971 ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டத்திற்கு மாற்றாக இது 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி எந்த வயதில், எத்தனை ஆண்டுப் பணிக்காலத்துடன், எவ்வகையில் விலகுகிறார் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் பயன் பெரிதும் வேறுபடும்.

நிதியும் கணக்கீடும்

முதலாளி செலுத்தும் வைப்புநிதிப் பங்கிலிருந்து ஊதியத்தின் 8.33 விழுக்காடும், நடுவண் அரசின் 1.16 விழுக்காடும் ஓய்வூதிய நிதிக்குச் செல்கின்றன. இதற்கான ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 அன்று 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70 ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். சராசரி 10,500 ரூபாய், பணிக்காலம் 11 ஆண்டுகள் எனில் 1,650 ரூபாய் ஆகும். கூலியின் ஒரு பகுதிக்கு மட்டும் வைப்புநிதி பிடிக்கப்பட்டிருந்தால் அப்பகுதியே கணக்கில் வரும்.

முழு ஓய்வூதியமும் முன்கூட்டிய ஓய்வூதியமும்

பத்து ஆண்டுப் பணிக்காலம் உள்ளவர் 58 வயதில் முழு ஓய்வூதியம் பெறுவார். 20 ஆண்டுகள் நிறைந்து 58 வயதில் ஓய்வு பெறுவோருக்கு மேலும் 2 ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடப்படும். பணியை விட்டவர் 50 வயது முதலே முன்கூட்டிய ஓய்வூதியம் கோரலாம். ஆனால் 58 க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைக்கப்படும். மேற்கண்ட 1,650 ரூபாய் 57 வயதில் 1,584 ரூபாயாகிவிடும். இக்குறைப்பு வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

பத்து ஆண்டுகளுக்குள் விலகுதல்

திருப்பூரில் மிகுதியாக நேர்வது இதுவே. ஆர்டர் குறையும்போதும், கூலி கூடுதலாகக் கிடைக்கும்போதும் தையல்காரரும் ஓவர்லாக் தொழிலாளரும் நிறுவனம் மாறுவது இங்கு வழக்கம். பத்து ஆண்டுகளும் ஒரே நிறுவனத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று திட்டம் கூறவில்லை; வெவ்வேறு நிறுவனங்களின் பணிக்காலங்கள் கூட்டப்படும். ஆறு மாதமும் அதற்கு மேலுமான பகுதி ஓராண்டாகக் கொள்ளப்படுவதால், ஒன்பதரை ஆண்டுகளே போதுமானவை.

இடையில் விலகுபவர் படிவம் 10சி வழியாக இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். ஒன்று, ஒரே முறை வழங்கப்படும் விலகல் தொகை. இதைப் பெற்றதும் அதுவரையிலான ஓய்வூதியப் பணிக்காலம் அழிந்துவிடும். மற்றொன்று திட்டச் சான்றிதழ். இது பணிக்காலத்தை அடுத்த நிறுவனத்திற்குக் கொண்டுசெல்லும். ஆறு ஆண்டுகளில் விலகல் தொகை பெற்று, பின்னர் வேறிடத்தில் ஐந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. சான்றிதழ் பெற்றிருந்தால் அதே உழைப்பு 11 ஆண்டுகளாகும். வைப்புநிதித் தொகையை எடுத்துக்கொண்டு ஓய்வூதியப் பணிக்காலத்தை மட்டும் காத்துக்கொள்ளவும் முடியும் என்பது பலர் அறியாத ஒன்று. பத்து ஆண்டுகள் நிறைந்தபின் விலகல் தொகை கிடையாது.

இயலாமையும் குடும்ப ஓய்வூதியமும்

பணியிலிருக்கும்போது நிரந்தரமாக முற்றிலும் இயலாமை அடைந்தவருக்குப் பத்து ஆண்டு விதி பொருந்தாது. ஒரு மாதப் பங்களிப்பே போதும். பணியிலிருக்கும்போது இறந்தவரின் கணவன் அல்லது மனைவிக்கும் இதுவே விதி. இரு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, துணைவர் பெறும் தொகையில் தலா 25 விழுக்காடு உண்டு. 2014 இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாயாக வரையறுக்கப்பட்டது.

திட்டத்திற்கு வெளியே இருப்போர்

1952 ஆம் ஆண்டு வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. இதனால் சிறிய பவர் டேபிள் கூடங்களில் பீஸ் ரேட்டுக்குத் தைப்போர் பலர் திட்டத்திற்கு வெளியே இருந்தனர். இத்தகையோர் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், 60 வயதுக்குப் பின் அதன் ஓய்வூதியத்தைக் கோரலாம். 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 ஆனது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. முரண்படாத பழைய திட்டங்கள் ஓராண்டு வரை தொடர அச்சட்டம் இடமளித்தது.