உச்சியில் ஸ்ரீ, கடைசியில் நீலக்கண்: புனேயின் செய்திகளில் மங்கலக் குறிகள் இடம் மாறிய வரலாறு

மகளுக்கு வேலை கிடைத்த செய்தியையோ புது ஃபிளாட்டின் படத்தையோ வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் புனேக்காரர்கள் பலர், வாசகத்தின் கடைசியில் ஒரு நீலக்கண் எமோஜியைப் பதித்துவிடுகிறார்கள். இதே நகரத்தில் மராட்டிய அரசின் பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், முதல் வரிக்கும் மேலே ‘ஸ்ரீ’ என்று தனியாக எழுதியிருக்கும். நல்லது நடக்க வேண்டும், கெட்டது அண்டக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு குறிகளும். ஒன்று உச்சியில் நின்றது. மற்றது அடியில் நிற்கிறது. இந்த இடமாற்றம் தற்செயலானதல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். முன்பு எழுதுகிறவர் கடவுளை நோக்கிக் குறியிட்டார். இப்போது, தன்னைப் பார்க்கிறவர்களை நினைத்துக் குறியிடுகிறார்.

பேஷ்வா தஃப்தர் என்று அறியப்படும் புனே ஆவணக் காப்பகத்தில் சுமார் 39,000 ருமால்கள் உள்ளன. ருமால் என்பது ஆவணங்களைக் கட்டிவைத்த துணிப்பொதி. பெரும்பாலான தாள்கள் மராட்டியை விரைந்து எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. 1930களின் முதற்பாதியில் வரலாற்றாசிரியர் கோ. ச. சர்தேசாய் இவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 45 தொகுதிகளை வெளியிட்டார். வரிவசூல், படைச்செலவு, குடும்ப நலம் என்று பொருள் எதுவானாலும் தலைப்பில் ஸ்ரீ இருக்கும். தஞ்சையை ஆண்ட மராட்டியரின் மோடி ஆவணங்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருப்பதால், இந்த மரபு நமக்கு அயலானதும் அல்ல. நாம் பிள்ளையார் சுழி போட்ட இடத்தில் அவர்கள் ஸ்ரீ போட்டார்கள்.

மராட்டியக் கடிதங்களின் அடியிலும் ஒரு காவல் உண்டு. எழுத்து இத்துடன் முடிந்தது என்று அறிவிக்கும் ‘லேகனசீமா’ முத்திரை அது. அதற்குக் கீழே வேறொருவர் ஒரு சொல்லையும் நுழைத்துவிடக் கூடாது. ஆக, உச்சி தெய்வத்துக்குரியது. அடி, மனிதரின் கள்ளக் கைக்கு எதிரானது. கடிதத்தின் கடைசி இடத்தைப் பிறர் மீதான அச்சத்துக்கு ஒதுக்கும் பழக்கம் அப்போதே இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1879இல் இந்தியாவுக்கு அஞ்சலட்டை வந்தது. கால் அணாதான் விலை. இடம் குறுகியபோதும் ஸ்ரீ போகவில்லை. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் ஏறின. தீபாவளி லட்சுமி பூஜையன்று வணிகர்கள் புதுக் கணக்குப் புத்தகத்தில் ஸ்வஸ்திகமும் ‘சுப லாப்’ என்ற சொற்களும் எழுதிப் பூஜை செய்தார்கள். தந்தி வந்த பிறகு வாழ்த்து எண்ணாக மாறியது. தபால் நிலையப் பட்டியலில் திருமணத்துக்கு, தேர்வு வெற்றிக்கு, பண்டிகைக்கு என்று எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், போய்ச் சேரும் ஊரில் வாசகம் முழுதாக எழுதித் தரப்படும். வாழ்த்துகளுக்கு எண் கொடுத்து அனுப்பும் வேலையை, எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண் தரும் இன்றைய யூனிகோடு தரம் கண்டுபிடிக்கவில்லை. 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட இந்தியத் தந்திச் சேவை அதைப் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது.

அஞ்சலட்டைக்கு இருண்ட பக்கமும் இருந்தது. 1975இல் ‘ஜெய் சந்தோஷி மா’ படம் வட இந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும் பெருவெற்றி பெற்ற பிறகு, அந்தத் தெய்வத்தின் பெயரால் சங்கிலிக் கடிதங்கள் பரவின. இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் செல்வம் வரும், கிழித்துப் போட்டால் கேடு வரும் என்று அவை மிரட்டின. ஸ்ரீ வேண்டுதலாக இருந்தது. சங்கிலிக் கடிதமோ படிப்பவரை அச்சுறுத்தி வேலை வாங்கியது. ஒரே அட்டையில் இரண்டும் பயணம் செய்தன.

கணினிக் காலத்தின் தொடக்கத்திலும் புனேக்கு ஒரு பங்கு உண்டு. 1988இல் அங்கே நிறுவப்பட்ட அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், இந்திய எழுத்துகளைக் கணினியில் கையாள கான்பூர் ஐஐடியில் உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தது. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீடு 1991இல் தேசியத் தரமானது. அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியே தேவநாகரி, தமிழ் உள்ளிட்ட எழுத்துகள் யூனிகோடில் அடுக்கப்பட்டன. தேவநாகரி ஓம் 1990களிலேயே இடம்பெற்றது. தமிழ் ஓம் 2008இல் சேர்ந்தது. ஸ்வஸ்திகம் 2009இல் திபெத்திய எழுத்துப் பகுதியில் சேர்க்கப்பட்டது. எமோஜி விசைப்பலகையில் அதற்கு இன்றும் இடமில்லை. கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தை ஆண்ட குறி, கைப்பேசியில் கைக்கெட்டாமல் நிற்கிறது.

எமோஜிகள் ஜப்பானில் பிறந்தவை. 1999இல் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரிதா உருவாக்கிய 176 சிறு படங்கள் புகழ்பெற்றவை. 2010இல் யூனிகோடு 6.0 பதிப்பு எமோஜிகளைப் பெரும் எண்ணிக்கையில் ஏற்றுக்கொண்டபோது நாலிலைக் குளோவர், கூப்பிய கைகள், செம்பருத்தி, எலுமிச்சை எல்லாம் ஒன்றாக வந்தன. ஐரோப்பாவில் அதிர்ஷ்டச் சின்னமான குளோவர் புனேயில் வேரூன்றவில்லை. வேரூன்றியது செம்பருத்திதான். மராட்டியில் ஜாஸ்வந்த் எனப்படும் இந்தச் சிவப்புப் பூ கணபதிக்கு உகந்தது. கஸ்பா கணபதியும் தக்டுசேட் ஹல்வாய் கணபதியும் வீற்றிருக்கும் ஊரில், சதுர்த்தி வாழ்த்துக்கு அந்தப் பூவும் கூப்பிய கைகளும் போதும். கணபதிக்கே ஓர் எமோஜி வருமா என்று கேட்டால், தெய்வ உருவங்களை ஏற்பதில்லை என்று யூனிகோடு தன் விதிகளில் எழுதிவைத்திருக்கிறது. தெய்வம் இல்லாத பலகையில் மக்கள் பூவை வைத்துத் தெய்வத்தைக் குறிக்கிறார்கள்.

2018இல் வெளிவந்த யூனிகோடு 11.0 இரண்டு காப்புப் பொருள்களைத் தந்தது. ஒன்று சீனச் சிவப்பு உறை, மற்றது நீலக்கண். துருக்கியிலும் கிரேக்கத்திலும் வாசல்களில் தொங்கும் அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பழைய உறவு கிடையாது. இங்கே கண்ணேறுக்கு உப்பும் கடுகும் சுற்றி நெருப்பில் போடுவார்கள். குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு, வண்டியில் கறுப்பு பொம்மை, கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் பிப்பா எனும் சேங்கொட்டையும் கோத்த சரம். புளிப்பும் காரமும் விரும்பும் மூதேவி வாசலிலேயே பசியாறிப் போய்விடுவாள் என்பது வழங்கும் விளக்கம். இத்தனை உள்ளூர்க் காப்புகள் இருந்தும் வெளியூர்க் கண் ஏன் வென்றது?

விடை ஆண்டுகளின் வரிசையில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இணையம் மலிவானது. 2017 பிப்ரவரியில் வாட்ஸப், படங்களைத் தொடர்பிலுள்ளோருக்கெல்லாம் காட்டும் ஸ்டேட்டஸ் வசதியைத் தொடங்கியது. யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் அதிலேயே தெரிந்தது. அடுத்த ஆண்டே நீலக்கண் வந்து சேர்ந்தது. கடிதம் ஒரு வீட்டுக்குப் போனது. ஸ்டேட்டஸை அத்தை, பழைய மேலாளர், வகுப்புத் தோழர், வீட்டுத் தரகர் எல்லோரும் பார்க்கிறார்கள். கண் பட்டுவிடுமோ என்ற பழைய அச்சத்துக்கு முதன்முறையாகப் பெயர்ப்பட்டியலே கிடைத்தது. மகிழ்ச்சியைக் காட்டவும் வேண்டும், காட்டியதற்காகக் கண் படவும் கூடாது. அந்த நெருக்கடியில் பிறந்த வழக்கம்தான் கடைசியில் வரும் கண். சந்தோஷத்தைச் சொல்லி முடித்த பிறகே பார்ப்பவரின் நினைவு வருவதால், குறியும் கடைசியில் வருகிறது.

உள்ளூர்க் காப்பும் அடங்கிவிடவில்லை. எலுமிச்சை 2010இல் பழமாகவும், சிவப்பு மிளகாய் 2014இல் காய்கறியாகவும் யூனிகோடுக்குள் நுழைந்தவை. இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தித் திருஷ்டிச் சரமாக்கியவர்கள் இந்தியர்கள். எந்தக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல், இருப்பதைக் கோத்து வேண்டியதைச் செய்துகொண்ட இந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

புனேயில் மூடநம்பிக்கையைப் பற்றி எழுதும் எவரும் இன்னொரு மரபைத் தாண்டிப் போக முடியாது. 1873இல் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே, உண்மை தேடுவோர் சங்கமான சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கிய ஊர் இது. விண்ணியலாளர் ஜயந்த் நார்லிகர், பகுத்தறிவுச் செயற்பாட்டாளர் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோர் இங்கே சோதிடத்தைப் புள்ளிவிவர முறையில் சோதித்தனர். 200 குழந்தைகளின் ஜாதகங்களிலிருந்து சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 வீதம் கொடுத்து, எது படிப்பில் சிறந்த குழந்தையுடையது, எது மனவளர்ச்சி குன்றிய குழந்தையுடையது என்று கேட்டார்கள். விடையளித்த 27 சோதிடர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். முடிவு 2009இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியானது. 1989இல் மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவை நிறுவிய தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலைநடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆண்டுக்கணக்கில் போராடிக் கேட்ட மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம் சில நாள்களில் அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நரபலி, பில்லி சூனியம் போன்ற கொடுமைகளுக்கு 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை.

அந்தச் சட்டத்தின் அளவுகோலில் நீலக்கண் எந்தக் குற்றமும் ஆகாது; அது யாரையும் ஏமாற்றவில்லை, யாரிடமும் பணம் பறிக்கவில்லை. அதை அனுப்புகிற பலரிடம் நம்பிக்கையைவிட அடக்கமே மேலோங்கியிருக்கிறது. பெருமையடிக்கவில்லை என்று சொல்லும் மரியாதை அது. கவலைப்பட வேண்டியது, பதினொரு பேருக்கு அனுப்பு, இல்லையேல் கேடு என்று, தீபமும் பூவும் எமோஜிகளாக ஒட்டிக்கொண்டு வரும் ஃபார்வர்டுகளைப் பற்றித்தான். அஞ்சலட்டைச் சங்கிலியின் நேர் வாரிசுகள் அவை. அச்சத்தால் பகிர வைக்கும் அதே பழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதை, 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் ராயின்பாடாவில் குழந்தை கடத்தல் வதந்தியால் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டபோது பார்த்தோம். அந்த மாதமே வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது.

பேஷ்வா காலக் கடிதங்கள் ருமால்களில் தங்கிவிட்டன. ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் அழிந்துவிடுகிறது. கைப்பேசி மாற்றும்போது பல நேரம் உரையாடல்களும் போய்விடுகின்றன. எனவே ஆய்வாளர்களுக்கும் நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒப்புதல் பெற்று, பெயர்களை நீக்கி, குடும்பக் குழுக்களின் வாழ்த்துச் செய்திகளை இப்போதே சேகரிக்கத் தொடங்குங்கள். வாசகர்களும் வீட்டுப் பெரியவர்கள் அனுப்பியவற்றையாவது அழிக்காமல் சேமித்து வையுங்கள்.