உராய்வைக் கேட்டு வாங்கிய கதை

உராய்வு என்றாலே மெக்கானிக்கல்காரர்களுக்கு எதிரிதான். ஆயில் போடு, கிரீஸ் வை, பேரிங்கை மாற்று என்று அதை ஒழிப்பதற்கே பாதி சிலபஸ் போய்விடுகிறது. அந்த உராய்வையே கேட்டு வாங்கி, ஒரு பந்தயக் காரின் பின் அச்சுக்குள் வைத்த கதை ஒன்று உண்டு. நம் மாணவ நண்பர்களுக்குப் பிடிக்கும் என்று எண்ணி இம்மலரில் எழுதுகிறேன்.

முதலில் சாதாரண டிஃபரன்ஷியல். 1828-இல் பிரான்ஸ் நாட்டின் ஒனேசிஃபோர் பெக்கர் தமது நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதே இதன் வேலை. வைவாவில் இதன் குறை என்ன என்று கேட்டால், "வழுக்குகிற சக்கரத்துக்கே டார்க் எல்லாம் போய்விடும் சார்" என்று பதில் வரும். தப்பு! வேகம்தான் அங்கே போகிறது. டார்க்கை அது இரு பக்கமும் சமமாகத்தான் பங்கிடுகிறது. சேற்றில் நிற்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 50தான். மொத்தம் 100. இஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு மேல் பேச்சில்லை. ஏழைக்குச் சமமாகப் பணக்காரனையும் இறக்கிவிடுகிற சமத்துவம் இது!

இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது ஜெர்மனியில். 1934 முதல் கிராண்ட் பிரி கார்களின் எடை 750 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. எடைக்குக் கட்டுப்பாடு உண்டே தவிர இஞ்சினின் அளவுக்குக் கிடையாது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் 16 சிலிண்டர் இஞ்சின். முதல் ஆண்டிலேயே 295 குதிரைத்திறன். 1936-இன் டைப் சி-யில் ஆறு லிட்டர், 520 குதிரைத்திறன். எல்லாம் இரண்டு மெல்லிய பின் டயர்கள் வழியாகத்தான் தரைக்குப் போயாக வேண்டும். வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கம் சாயும், உள்சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுழன்று டயரைத்தான் கரைக்கும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட சக்கரம் சுழன்றதாம்!

போர்ஷே 1935-இல் பல்சக்கரம் செய்வதில் கைதேர்ந்த இசட்.எஃப். நிறுவனத்திடம் போனார். செப்பெலின் ஆகாயக் கப்பல்களுக்குக் கியர் செய்வதற்காக 1915-இல் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் தொடங்கிய கம்பெனி அது. அவர்கள் செய்து கொடுத்ததில் வழக்கமான பெவல் கியர்களே கிடையாது. உள்ளே ஒரு கேம் வளையம், வெளியே ஒரு கேம் வளையம். இரண்டிலும் மேடுகளின் எண்ணிக்கை வேறு. நடுவிலுள்ள கூண்டில் சிறிய உலோகத் துண்டுகள். கிரௌன் வீல் கூண்டைச் சுற்ற, துண்டுகள் இரு வளையங்களுக்கும் இடையில் ஆப்பு போல இறுகி இரண்டையும் இழுத்துச் செல்லும். ஒரு சக்கரம் முந்தப் பார்த்தால் துண்டுகள் மேடுகளில் உரசி, தேய்த்துக்கொண்டேதான் வழி விடும். அந்த உரசல்தான், முந்துகிற சக்கரத்திடமிருந்து டார்க்கைப் பிடுங்கிப் பின்தங்கிய சக்கரத்துக்குக் கொடுக்கிறது. டைப் சி-யில் இது இருந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்த பெர்ண்ட் ரோஸ்மேயர் அதை ஓட்டி 1936-இன் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். டிஃபரன்ஷியலால் மட்டும் வென்றார் என்று சொன்னால் அந்த மகா ஓட்டுநருக்கு அநியாயம். ஆனால் அது இல்லாமல் 520 குதிரைகளைக் கட்டி மேய்த்திருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

உரசினால் தேயத்தானே செய்யும்? கேம் வகைக்கு அடிக்கடி மராமத்து வேண்டியிருந்தது. ரோட்டுக் கார்களுக்கு வந்தது கிளட்ச் தட்டு வகை. டார்க் ஏற ஏற, பினியன் தண்டுகள் சரிவுகளில் ஏறித் தட்டுகளை நெருக்கும். 1956-இல் அமெரிக்காவின் பேக்கார்ட், அடுத்த ஆண்டு கார்வெட், 1961-இல் ஜாகுவார் ஈ-டைப் என்று வரிசையாக வந்தன. வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சன், தட்டே இல்லாமல் வார்ம் கியர்ப் பற்களின் உராய்விலேயே வேலையை முடித்தது. 1994 முதல் மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரில் அதுவே கிடைத்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இதை வாங்கிப் பொருத்த நினைக்கும் நண்பர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை இது. பழைய கிரௌன் வீல் புதுக் கூட்டில் ஏறும்போது அது உட்காரும் இடம் நூலிழை மாறும். ஆகவே ஷிம் போட்டு, பினியனுக்கும் அதற்கும் உள்ள பேக்லாஷைப் புதிதாக வைத்தாக வேண்டும். பல கார்களில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் ஆக்ஸில் ஊளையிடும். தட்டு வகை என்றால் அதற்கென்றே உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் கடகடவென்று அதிரும்.

இன்னொன்று. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரை ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி, கியரில் இஞ்சினை ஓட்டினால் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். இதைப் பொருத்திய பிறகு அந்தப் பழக்கத்தில் யாரும் செய்துவிடக் கூடாது. தரையிலுள்ள சக்கரத்துக்கும் டார்க் போகும். கார் ஜாக்கியை விட்டு இறங்கி ஓடிவிடும். ஒர்க்ஷாப்பில் புதிதாகச் சேரும் பையன்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.