ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் பிறந்த ஆங்கிலப் பெயரடைகள்

ஆங்கிலத்தில் அருகி வழங்கும் பெயரடைகளுள், அதாவது ஒரு பெயர்ச்சொல்லுக்கு அடையாக நின்று அதன் தன்மையைச் சுட்டும் சொற்களுள், ஒரு பகுதி ஆட்பெயரிலிருந்தும் ஊர்ப்பெயரிலிருந்தும் பிறந்தவை. இவற்றின் இன்றைய பொருளைக் கொண்டு மூலப் பெயருக்கு உரியவரை எடைபோடுவது பல இடங்களில் அநீதியாகவே முடியும் என்பதற்கு, மலிவான பகட்டைக் குறிக்கும் ‘டாட்ரி’ தெளிவான சான்றாகும்.

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாவில் அரசர் மகளாகப் பிறந்த எதெல்த்ரித், 673இல் ஈலி என்னும் இடத்தில் துறவு மடம் நிறுவி அதன் தலைவியாக வாழ்ந்து, 679இல் கழுத்தில் எழுந்த கட்டியோடு இறந்தார். இளமையில் கழுத்தணிகளைச் சுமந்த குற்றத்துக்குத் தீர்வாகவே அக்கட்டியை அவர் மகிழ்ந்து ஏற்றார் என்று, துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் 731இல் முடித்த நூலில் குறிக்கிறார். பின்னர் ஆட்ரி எனத் திரிந்த பெயரால் அவர் புனிதராக வழிபடப்பட, ஈலியில் அவர் திருநாளையொட்டிக் கூடிய சந்தையில் கழுத்தில் அணியும் பட்டுநாடாக்கள் ‘செயின்ட் ஆட்ரி நாடா’ என்று விலைபோயின. ‘செயின்ட்’ என்பதன் ஈற்றொலி அடுத்த சொல்லோடு ஒட்டி ‘டாட்ரி’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் அது தரங்குறைந்த பகட்டுக்கே பெயராகிவிட்டது. கழுத்தணியை எண்ணி வருந்திய பெண்ணின் பெயர் போலி அலங்காரத்துக்கு அடையானது, சொல் வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று.

அழுகையும் மிகையுணர்ச்சியும் கலந்த நிலையை, சிறப்பாகக் குடிமயக்கத்தில் கண்ணீர் விடுவதைச் சுட்டும் ‘மாட்லின்’, இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாளின் பெயர்த்திரிபு. இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்கு லூக்கா நற்செய்தி பெயர் தரவில்லை; மேலைத் திருச்சபை மரபே அவரை மரியாளோடு ஒன்றாக்க, ஓவியர்கள் அழும் முகத்தை அவருக்கு நிலையாக அளித்தனர். ஆக்ஸ்போர்டில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் ‘மாட்லின்’ என்றே ஒலிக்கப்படுகிறது.

பண்டைக் கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாவைத் தலைநகராகக் கொண்ட லக்கோனியா தந்த ‘லக்கோனிக்’, சொற்சுருக்கம் உடைய என்று பொருள்படும். இச்சொல் மட்டும் உரியவர்களின் இயல்புக்கு இசைந்தது. படையோடு லக்கோனியாவுக்குள் நுழைந்தால் நாட்டை அழிப்பேன் என்ற மாசிடோனிய அரசர் பிலிப்புக்கு, ‘நுழைந்தால்’ என்னும் ஒரே சொல்லை ஸ்பார்ட்டர்கள் விடையாக அனுப்பினர் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

எதிர்பாராத நற்பேறாய் வாய்த்ததைக் குறிக்கும் ‘செரண்டிபிட்டஸ்’, இலங்கையின் பழைய பாரசீகப் பெயரான செரண்டிப்பை உள்ளடக்கியது. அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையைப் படித்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754இல் ஒரு கடிதத்தில் அதன் பெயர்ச்சொல் வடிவை உருவாக்க, பெயரடை 20ஆம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தது. இச்சொல்லின் பொருள் கதையிலிருந்து எடுக்கப்பட்டதே அன்றி, இலங்கையின் நிலத்தையோ மக்களையோ கண்டு அமைந்ததன்று.