உலக வரலாறும் ஆறு சீட்டுகளும்

வரலாறு வகுப்பு என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவிதான் ஞாபகம் வரும். அதிலும் உலக வரலாறு என்றால் கேட்கவே வேண்டாம். வாயில் நுழையாத பெயர்கள், வரிசையாக ஆண்டுகள், "காரணங்கள் ஐந்தினைக் கூறுக" என்று ஒரு வினா. முதல் உலகப் போரை நாங்கள் அப்படித்தான் படித்தோம். ஏகாதிபத்தியம், இராணுவவாதம், இரகசிய உடன்படிக்கைகள், தீவிர தேசியவாதம், உடனடிக் காரணம் செரயேவோ கொலை. எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் போஸ்னியாவில் ஒரு இளவரசரைச் சுட்டதற்கு பெல்ஜியத்துக்குள் ஏன் ஜெர்மன் படை நுழைந்தது? எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பாடத்தை நடத்த எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. வகுப்பை ஆறு குழுவாகப் பிரிக்க வேண்டும்: ஆஸ்திரியா-ஹங்கேரி, செர்பியா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சீட்டு. அந்த நாட்டுக்கு யார் நண்பன், எதற்குப் பயம், எத்தனை நாளில் படை திரட்ட முடியும் என்பது மட்டும் அதில் இருக்கும். அடுத்தவர் சீட்டைப் பார்க்கக் கூடாது. ஆசிரியர் கரும்பலகையில் "1914 ஜூன் 28" என்று எழுதிவிட்டு, தேதிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவார். ஒவ்வொரு தேதியிலும் குழுக்கள் முடிவெடுக்க வேண்டும்.

சீட்டுகளில் சுவையானது ஜெர்மனியுடையது. ரஷ்யா படை திரட்ட வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் போய் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அதாவது ரஷ்யா அசைந்தாலே ஜெர்மனிக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பெல்ஜியம் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது.

ஆட்டம் முடிந்த பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜூலை 23 அன்று ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. அந்தப் பதிலை 28ஆம் தேதி படித்த ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று குறித்தார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது! ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸும் வில்ஹெல்மும் உறவுக்காரர்கள். "வில்லி", "நிக்கி" என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். 29ஆம் தேதி இரவு வில்லியின் தந்தியைப் பார்த்து நிக்கி முழுப் படைதிரட்டலை நிறுத்தினார். மறுநாளே அமைச்சர்களும் தளபதிகளும் வற்புறுத்த, மீண்டும் அனுமதித்தார். ஆகஸ்ட் 4க்குள் பிரிட்டனும் உள்ளே.

இதைக் கேட்ட மாணவன் "அப்படியானால் நிறுத்தியிருக்கலாமே சார்?" என்று கேட்பான். ஐந்து காரணங்களை உருப்போட்டவனுக்கு அந்தக் கேள்வி வராது. அவனைப் பொறுத்தவரை போர் மழை மாதிரி, தானாக வந்தது.

"போர்ஷன் முடிக்க வேண்டாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். எல்லாப் பாடத்துக்கும் இது முடியாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாடத்துக்குச் செய்தால் போதும், இரண்டு பீரியட் ஆகும். இன்னொன்று, அடிமைக் கப்பலையும் ஹிட்லரின் வதைமுகாமையும் தயவுசெய்து விளையாட்டாக்காதீர்கள். அங்கே பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை அமைதியாக வாசிப்பதே சரி.

போர் நமக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதற்கு எம்டன் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கில்லாடி ஆளை "சரியான எம்டன்" என்று தாத்தா சொல்வாரே, அது இதுதான். உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் கல்வெட்டு உண்டு.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்குக் கடல் கடந்து போனார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லும் சிறு கல் பல ஊர்களில் இருக்கிறது, சில இடங்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில். மாணவர்களை அதைத் தேடச் சொல்லலாம். கிடைத்தால் அந்த எண்களைக் கரும்பலகையில், 1914 ஜூன் 28க்குப் பக்கத்தில் எழுதட்டும்.